மிச்சம் ஒரு மிதி

— எழுதி வச்சுக்க மச்சினி. உலகத்துல இதுவரைக்கும் பொறந்த டிரைவருங்கள்ல பிரேக்கை நம்பாம வண்டி ஓட்டுற ஒரே ஆளு உன் மாமாதான். இந்த வேன்ல பிரேக்குங்கிறது அலங்காரம். வரவேற்பறையில வைக்கிற பிளாஸ்டிக் பூ மாதிரி.

— மெதுவாப் பேசுங்க மாமா. அக்கா இப்பத்தான் கண்ணசந்திருக்கா.

— மெதுவாத்தானே பேசுறேன். பெருமையை மெதுவாப் பேசுறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது.

— வயித்துல தையல் போட்டு நாலு நாள்தான் ஆச்சு. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புறப்போ, குலுங்கவே கூடாதுன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். ஒரு தடவை எல்லாருக்கும் சொன்னார், இன்னொரு தடவை உங்க மூஞ்சியைப் பாத்துச் சொன்னார்.

— குலுங்குமா? இருபத்திரண்டு வருஷமா இந்த மலையை ஏறி இறங்குறேன். டம்ளர்ல தண்ணி வச்சுக் குடு, கீழே போய்ச் சேர்றப்போ ஒரு சொட்டுக் குறைஞ்சா மீசையை எடுத்துடுறேன்.

— உங்களுக்கு மீசை கிடையாது.

— வளத்து எடுப்பேன்.

— அந்தச் சத்தம் என்ன மாமா?

— எந்தச் சத்தம்?

— ஒவ்வொரு வளைவுலயும் ஸ்டியரிங்கைத் திருப்புறப்போ ஒரு உறுமல் வருதே.

— அது வண்டி தொண்டையைச் செருமுது. வயசாயிடுச்சுல்ல.

— எத்தனை நாளாச் செருமுது?

— ஒரு அஞ்சாறு நாளா. பாரு, ஆரம்பிச்சுட்டே. பஸ் பட்டறையில வேலை பாக்குறவங்களுக்கு இதே பொழப்பு. சத்தம் வந்தா பயம், வரலேன்னா சந்தேகம். எங்க வேன் ஸ்டாண்டுலயும் சில பேரு இருக்கானுங்க. பானெட்டைத் திறந்தாலே பட்டறைக்கு ஃபோன். ‘எனக்குத் தெரியாதுங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க.’ எனக்குத் தெரியாதுன்னு வாயில வர்றவன் எல்லாம் ஸ்டியரிங்கைத் தொடலாமா? ஆடு மேய்க்கப் போகலாம். அங்கேயும் ஆட்டைக் கேட்டுத்தான் மேய்ப்பான்.

— அது என்ன, பட்டுன்னு கேட்டுச்சு?

— கல்லு தெறிச்சிருக்கும்.

— பானெட்டுக்கு உள்ளேயிருந்தா கல்லு தெறிக்கும்? பேட்டரி விளக்கு எரியுது பாருங்க. மாமா. மாமா, என்ன ஆச்சு?

— திரும்ப மாட்டேங்குது.

— எது?

— ஸ்டியரிங். சிமெண்ட்ல பதிச்ச மாதிரி இருக்கு. வளைவு வருது மச்சினி.

— பிடிப்பு விட்டுப் போகல, கனமாத்தான் ஆகியிருக்கு. ரெண்டு கையாலயும் இழுங்க. நானும் பிடிக்கிறேன். என் பக்கம்… இன்னும்… தோளைக் குடுத்து இழுங்க. அவ்வளவுதான். இப்ப நேராக்குங்க.

— இரு, பிரேக்கைப் போட்டு ஓரமா…

— அடிச்சு அடிச்சு மிதிக்காதீங்க. காலை எடுங்க மாமா. எடுங்கன்னா எடுங்க.

— பிரேக் சரியாப் பிடிக்கலேன்னா அடிச்சு மிதிச்சு ஏத்தணும். அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

— லைன்ல காத்து ஏறியிருந்தா அப்படி. இது அது இல்ல. பம்ப்பைச் சுத்துற பெல்ட் அறுந்துடுச்சு. ஸ்டியரிங் பம்ப் நின்னுடுச்சு.

— ஸ்டியரிங் பம்ப் நின்னா ஸ்டியரிங்தானே போகணும்? பிரேக் என்ன பாவம் பண்ணுச்சு?

— ரெண்டுக்கும் ஒரே பம்ப். அது ஆயிலை அழுத்தித் தள்ளுது. அந்த அழுத்தம்தான் உங்க கைக்கும் கூடமாட ஒத்தாசை பண்ணுது, காலுக்கும் பண்ணுது. பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சுற காத்து பிரேக்குக்கு உதவும், டீசல்ல அது கிடையாது. அதனால பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டரையும் ஸ்டியரிங் பம்ப்போடவே சேத்துக் கட்டிட்டாங்க. போனா ரெண்டும் சேந்து போகும்.

— ஒரே பம்ப்பா? அது பிரேக்கோட பம்ப்னுல்ல நான்…

— என்ன?

— ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாரு.

— நீங்க ரோட்டைப் பாருங்க. இப்ப என்ன கியர்?

— நாலு.

— மூணுக்கு வாங்க. கிளட்சை மெதுவா விடுங்க, அக்கா உருண்டுடுவா. ம். அப்புறம் ரெண்டு. வண்டியை இனிமே எஞ்சின்தான் பிடிக்கணும். பிரேக்கை எத்தனை தடவை மிதிச்சீங்க?

— ரெண்டு.

— நிச்சயமா?

— முதல் மிதி நல்லா இருந்துச்சு. ரெண்டாவது கொஞ்சம் கல்லு மாதிரி. ஏன் எண்ணுறே? பயமுறுத்தாம சொல்லு.

— பூஸ்டரை ஒட்டி ஒரு உருண்டை இருக்கும். பம்ப் நின்னு போனா உதவட்டும்னு அதுக்குள்ள கொஞ்சம் அழுத்தத்தை அடைச்சு வச்சிருக்கும். ரெண்டு மிதிக்கு வரும். நல்ல நிலைமையில இருந்தா மூணு.

— அப்ப ஒண்ணு மிச்சம் இருக்கு.

— இருக்கலாம்.

— இருக்கலாமா, இருக்கா?

— எனக்குத் தெரியாது மாமா.

— பட்டறையில எட்டு வருஷம் வேலை பாத்துட்டு எனக்குத் தெரியாதுங்கிறியே.

— எட்டு வருஷம் வேலை பாத்ததாலதான் சொல்றேன். அந்த ஒரு மிதி இருக்குன்னு வச்சுக்குவோம், ஆனா இப்பத் தொட வேணாம். ஹேண்ட்பிரேக் எப்படி இருக்கு?

— எது, என் பையை மாட்டி வச்சிருக்கேனே, அதுவா?

— ஏன் பையை மாட்டியிருக்கீங்க?

— கேபிள் அறுந்து ஆறு மாசமாச்சு. சும்மா இருக்கே, எதுக்காவது ஆகட்டுமேன்னு.

— மாமா.

— திட்டாத. அப்புறமாத் திட்டு. உள்ளங்கை வேர்த்து வழுக்குது எனக்கு.

— ஒவ்வொரு கையா சட்டையில துடைச்சுக்குங்க. இன்னும் எத்தனை வளைவு இருக்கு?

— நாலு. அப்புறம் ஒரு நேர் இறக்கம். அடியில ரயில்வே கேட்.

— கேட் திறந்திருக்குமா?

— என் அதிர்ஷ்டத்துக்கா?

— ரெண்டாவது கியருக்கு வந்தாச்சுல்ல? வேகம் ஏறுச்சுன்னா ஒண்ணுக்குப் போகணும். இப்பவே போங்க, ஏறினப்புறம் கியர் விழாது. மெதுவா… மெதுவா. நல்லா வந்துச்சு.

— எஞ்சின் அலறுது.

— அலறட்டும். அது அலறினாத்தான் நாம அலற வேண்டியதில்ல.

— என்னங்க.

— முழிச்சுட்டா.

— என்னங்க, எங்க இருக்கோம்?

— நீ தூங்கு அம்மாடி. பாதி மலை இறங்கியாச்சு.

— ரொம்ப மெதுவாப் போறீங்களே. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவையாவது இப்படி ஓட்டுங்கன்னு கேட்டிருக்கேன். வயித்தை அறுத்தாத்தான் ஓட்டுவீங்க போல.

— உனக்காகத்தான்.

— ஏண்டி சின்னவளே, நீ எதுக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கே?

— அது வந்துக்கா…

— ஓட்டக் கத்துத் தர்றேன்.

— அவ பஸ்ஸே ஓட்டுவாளே.

— பஸ் வேற, வேன் வேற. நீ படு. எழுந்து உக்காராத. கையால சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்க.

— எதுக்குப் பிடிச்சுக்கணும்?

— சும்மா. ஒரு பழக்கத்துக்கு.

— இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. சரி, பிடிச்சுக்கிட்டேன். தண்ணி தாகமா இருக்கு.

— கீழே போய்த் தர்றேன்கா. கொஞ்சம் பொறுத்துக்க.

— மச்சினி, கிட்ட வா. காதைக் குடு. அடுத்த வளைவு ஊசி மாதிரி. முழுசா ஒடிச்சுத் திருப்பணும். பூப்போல திருப்புவேன், ஒத்தைக் கையால, பாட்டுக் கேட்டுக்கிட்டே. இப்ப நம்ம ரெண்டு பேர் பலமும் போதாதுன்னா?

— சக்கரம் உருண்டுக்கிட்டு இருக்குறப்போ திருப்பினா போதும். நின்ன இடத்துல திருப்பத்தான் பலம் போதாது. அதனால சீக்கிரமே ஆரம்பிச்சுடுங்க. நீங்க இழுங்க, நான் அடியிலேருந்து தள்ளுறேன். சாவியை மட்டும் தொட்டுடாதீங்க. ஸ்டியரிங் பூட்டிக்கிச்சுன்னா நாம நேராப் போக வேண்டியதுதான்.

— நேரா ரோடு இல்லியே.

— அதைத்தான் சொல்றேன். இப்ப. இழுங்க.

— லாரி. எதிர்ல லாரி வருது.

— ஹாரனை அடிச்சுக்கிட்டே இழுங்க. பிரேக் வேணாம். மாமா, காலு பெடலுக்குப் போகுது. வேணாம்.

— அதுவாப் போகுது. நான் சொல்லல.

— முழங்காலை நான் பிடிச்சுக்கிறேன். இழுங்க. அவன் ஒதுங்குறான். இன்னும் கொஞ்சம்… விடாதீங்க… போயிட்டான்.

— போயிட்டானா?

— போயிட்டான். கண்ணைத் திறங்க.

— திறந்துதான் இருந்தேன். பாதி.

— என்னங்க, எதுக்கு இவ்வளவு ஹாரன்? லாரிக்காரன் என்னமோ கையை ஆட்டி வஞ்சிட்டுப் போறான்.

— தெரிஞ்சவன்தான். நலம் விசாரிச்சான்.

— மாமா, சூட்டு முள்ளு ஏறுது.

— பாத்தேன். எஞ்சின் வெந்துடுமா?

— அதே பெல்ட்தான் தண்ணியைச் சுத்த வச்சிருக்கும். கேட் வரைக்கும் தாங்கினாப் போதும்.

— மச்சினி, ஒண்ணு கேக்கவா. அந்த மிச்சம் ஒரு மிதி இல்லாமப் போனா?

— அப்பவும் பிரேக் இருக்கும். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல எதுவும் அறுந்து போகல. ஒத்தாசைக்குத்தான் ஆளு இல்ல. இந்த வண்டியோட கனத்தை உங்க காலே தள்ளணும். சீட்டுல முதுகை முட்டுக் குடுத்து, ரெண்டு காலையும் வச்சு, எழுந்து நிக்கிற மாதிரி மிதிக்கணும். ஒரே மிதி. விட்டுட்டு மறுபடி மிதிக்கக் கூடாது.

— எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தான்.

— உனக்குமா?

— மலை உச்சியிலேருந்து இருக்கு. நீங்க மீசையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க.

— கடைசி வளைவு. இது லேசுதான். ஆங். நேர் இறக்கம் வந்தாச்சு. மச்சினி.

— பாத்தேன்.

— கேட் மூடியிருக்கு.

— பாத்தேன் மாமா. கடைசியா நிக்கிறது என்ன?

— பைக். பின்னாடி ஒரு பொண்ணு. மடியில குழந்தை.

— இடது பக்கம் ரோட்டு வேலைக்கு ஜல்லி கொட்டி வச்சிருக்கு பாருங்க. அந்தக் குவியலுக்கு நேரா வண்டியைக் கொண்டு போங்க. நான் சொல்றப்போ மிதிங்க. இப்ப வேணாம்.

— இப்பவா?

— இல்ல.

— மச்சினி, அந்தக் குழந்தை நம்மளையே பாக்குது.

— நீங்க ஜல்லியைப் பாருங்க. அக்கா, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்க. வயித்துல தலைகாணியை அமுக்கிக்க.

— என்னடி ஆச்சு?

— ஒண்ணும் ஆகலக்கா. பிடிச்சுக்க. மாமா, இப்ப. மிதிச்சுட்டு விடாதீங்க.

— பிடிக்குது. மச்சினி, பிடிக்குது. இருக்கு, ஒண்ணு மிச்சம் இருக்கு. ஐயோ, இறுகுது. ஒத்தாசை தீந்துபோச்சு, பெடல் உள்ள போக மாட்டேங்குது.

— ரெண்டாவது காலையும் வைங்க. எழுந்து நில்லுங்க அது மேல. ஸ்டியரிங்கை நான் பாத்துக்கிறேன். நில்லுங்க. நில்லுங்க.

— அம்மா…

— நின்னாச்சு.

— நின்னாச்சா?

— நின்னாச்சு மாமா. முன்சக்கரம் ஜல்லியில புதைஞ்சிருக்கு, பைக்கைத் தொடல. கியர்லயே விட்டு சாவியைத் திருப்புங்க. இப்பத் திருப்பலாம். காலை எடுங்க.

— எடுக்க வரல.

— சரி, அப்படியே கொஞ்ச நேரம் இருங்க. அக்கா, எப்படி இருக்கே? தையல் இழுக்குதா?

— லேசா. நான் நல்லாத்தான் இருக்கேன். இவரு ஏன் எழுந்து நின்னுக்கிட்டு இருக்காரு?

— பிரேக் போட்டேன் அம்மாடி.

— ரெண்டு காலாலயா?

— ஆமா.

— எதுவும் கேக்கல நான். முதல்ல தண்ணியைக் குடுங்க, நீங்களும் குடிங்க. மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு.

— நான் பானெட்டைத் திறக்குறேன். மாமா, இங்க வாங்க.

— வர்றேன். என்ன?

— பம்ப் இறுகிப் போயிருக்கு. சுத்த முடியாம நின்னிருக்கு, அதான் பெல்ட்டை அறுத்திருக்கு. இந்த டப்பாவைப் பாருங்க. இதுல ஆயில் சிவப்பாத் தெளிவா இருக்கணும். கலங்கிக் கிடக்கு. கறுப்பா மிதக்குதே, அது ரப்பர். உள்ள இருக்குற சீலெல்லாம் ஊறிப் பிஞ்சு வந்திருக்கு. இதுல என்ன ஊத்தினீங்க?

— நானா?

— நீங்கதான். உங்க வண்டியை வேற யாரையும் தொட விட மாட்டீங்க.

— டப்பாவுல கொறைஞ்சிருந்துச்சு. அதுலேருந்து குழாய் எங்க போகுதுன்னு கண்ணாலயே பின்தொடர்ந்து போனேன். நேராப் பிரேக்குக்குப் போச்சு. பிரேக்குக்குப் போறது பிரேக் ஆயிலாத்தானே இருக்கணும்னு…

— பிரேக் ஆயிலை ஸ்டியரிங் டப்பாவுல ஊத்தினீங்களா?

— பாதிக் குழாயைத்தான் பாத்தேன் போல.

— பிரேக் ஆயிலுக்குத் தனியா டப்பா இருக்கு மாமா. மூடியிலேயே எழுதியிருக்கு. அது வேற குழாய், வேற ரப்பர். இந்த ரப்பருக்கு அது விஷம். ஒரு வார்த்தை என்கிட்ட ஃபோன்ல கேட்டிருக்கலாமே. எப்ப ஊத்தினீங்க?

— போன வாரம். உறுமல் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள்.

— எவ்வளவு?

— கொஞ்சம்தான். ரெண்டு விரல் அளவு கொறைஞ்சிருந்துச்சு.

— எவ்வளவு பெரிய பாட்டில் வாங்கினீங்க?

— அரை லிட்டர்.

— இதுக்கு அதுல கால்வாசிதான் போயிருக்கும். மீதி எங்க?

— அந்த மூடியை இப்படிக் குடு, நான் மூடுறேன்.

— மாமா, மீதி ஆயில் எங்க?

— நெட்டையோட வண்டியில.

— எந்த நெட்டை?

— எங்க ஸ்டாண்டுல பக்கத்துல நிறுத்துவான். அவனோடதும் இதே வண்டிதான், ஒரே மாசத்துல வாங்கினோம். டீ குடிக்கப் போயிருந்தான், பானெட் திறந்து கிடந்துச்சு. அவன் டப்பாவும் கொறைஞ்சிருந்துச்சு. கேட்டா அவன் உடனே பட்டறைக்கு ஃபோன் போடுவான். அவனுக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு நானே ஊத்தி மூடி வச்சேன். சொல்லக்கூட இல்ல. உதவின்னு நெனச்சேன்.

— அவரு என்ன ஓட்டுறாரு?

— என்னங்க. நெட்டை ஓட்டுறது ஸ்கூல் வேன்தானே?

— ஆமா.

— மேலே ஆஸ்பத்திரிக்கு அடுத்தாப்பல இருக்கே, அந்த ஸ்கூலுக்கு. மூணரை மணிக்குப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு இதே ரோட்டுலதான் இறங்குவான்.

— இப்ப மணி என்னக்கா?

— மூணு நாப்பது.

— மாமா, ஃபோன் எங்க?

— பையில. ஹேண்ட்பிரேக்ல. இந்தா. நீயே போடு, நெட்டைன்னு இருக்கும்.

— எத்தனை பிள்ளைங்க?

— பதினெட்டு.

— மணி அடிக்குது. பேசுங்க. அவருக்கு உங்க குரல்தான் தெரியும்.

— எடுக்கல. எடுக்க மாட்டேங்குறான். எடுடா. எடு நெட்டை. ஹலோ. ஹலோ, யாரு? பாப்பாவா? பாப்பா, நெட்டை மாமா எங்க? ஓட்டுறாரா? அவர் காதுல ஃபோனை வைடா கண்ணு. நல்லா ஒட்டி வை. நெட்டை, நான்தான். எங்க வர்றே? மச்சினி, இறங்க ஆரம்பிச்சுட்டான். முதல் வளைவு தாண்டிட்டானாம்.

— ஸ்டியரிங் உறுமுதான்னு கேளுங்க.

— உறுமுதாம். ஒரு வாரமா உறுமுதாம். நாளைக்குப் பட்டறையில காட்டலாம்னு இருந்தானாம்.

— பிரேக்?

— பிரேக் பிடிக்குதாம்.

— அப்ப பம்ப் இன்னும் நிக்கல. இப்பவே நிறுத்தணும். ரெண்டாவது கியர் போட்டு, மலைச்சரிவு பக்கமா ஒதுக்கி, ஒரே மிதி. விட்டு விட்டு மிதிக்கக் கூடாது.

— நெட்டை, கேள்வி கேக்காத. ரெண்டாவது கியர் போடு. பள்ளத்துப் பக்கம் வேணாம், பாறைப் பக்கமா ஒதுக்கு. ஒரே மிதி. அடிச்சு அடிச்சு மிதிக்காத. தமாஷ் இல்ல. இல்லப்பா, என் பொண்டாட்டி மேல சத்தியமா தமாஷ் இல்ல. மிதி. சிரிக்கிறான் மச்சினி. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறான்.

— ஃபோனை என்கிட்டக் குடுங்க.

— இரு, சிரிப்பை நிறுத்திட்டான். நெட்டை, ஸ்டியரிங் கனக்குதா? லேசாவா? மிதி. இப்ப மிதி. நெட்டை. நெட்டை.

— என்னங்க, என்ன ஆச்சு?

— அவன் குரலே இல்ல. பிள்ளைங்க சத்தம்தான் கேக்குது.

— அழுகையா?

— தெரியல. நெட்டை, இருக்கியா? ஆங். ஆங். நின்னுட்டானாம். பாறையை ஒட்டி நிறுத்திட்டானாம்.

— ஹேண்ட்பிரேக் போடச் சொல்லுங்க. அவருக்கு இருக்கும். கியர்ல விட்டு, பிள்ளைங்க எல்லாரையும் இறக்கி பாறைப் பக்கமா உக்கார வைக்கச் சொல்லுங்க.

— போட்டுட்டானாம். இறக்குறான். எண்ணுறான். பதினாறு… பதினேழு… பதினெட்டு. பதினெட்டும் இறங்கிடுச்சு.

— ஆண்டவா. என்னங்க, உக்காருங்க. விழுந்துடப் போறீங்க.

— வேற என்ன சொல்றாரு?

— நிறுத்தினப்புறம் திருப்பிப் பாத்தானாம். ஸ்டியரிங் அசையலையாம். பானெட்டுக்குள்ள புகை வருதாம்.

— நல்லவேளை.

— அழுறான் மச்சினி. எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறான். சத்தத்தைக் கேக்காமலே கண்டுபிடிச்சுட்டியே, இருபத்திரண்டு வருஷ அனுபவம்னா சும்மாவான்னு கேக்குறான். ஸ்டாண்டுல இனிமே ஒருத்தன் என்னை எதுத்துப் பேசக் கூடாதுங்கிறான். பிள்ளைங்ககிட்ட என் பேரைச் சொல்லிட்டான். எல்லாம் கை தட்டுதுங்க.

— பேசுங்க மாமா. லைன்ல இருக்காருல்ல.

— பேசுறேன். நெட்டை, அழாத. கை தட்ட வேணாம்னு சொல்லு பிள்ளைங்ககிட்ட. சொல்லு முதல்ல. போன வாரம் நீ டீ குடிக்கப் போனப்போ உன் டப்பாவுல பிரேக் ஆயிலை ஊத்தினது நான். ஆமா, நான்தான். யாரையும் கேக்கல. அதுல என்ன ஊத்தணும்னு எனக்குத் தெரியாதுங்க.